மேஸ்திரி எங்கே?

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதன் எதிரே நின்று ‘கூ’ என்று கூவினால், பாறையும் ‘கூ’ என்று விடை கூறும். மாலை வேளையில் மாடுகளை ஓட்டிவரச் செல்லும் சிறுவர்களாகிய எங்களுக்கு அதைவிடச் சிறந்த விளையாட்டு வேறொன்று இருந்ததில்லை. எங்களுக்கு அறிவியல் கற்பித்த ஆசிரியர் ஒரு நாள் எங்களை அங்கே அழைத்துச் சென்றார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எங்களைக் கூவச் சொன்னார். குரல் புறப்பட்டதற்கும் எதிரொலி வந்து சேர்ந்ததற்கும் இடையே ஒரு வினாடி சென்றது. “ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். போகவும் வரவும் சேர்ந்து ஒரு வினாடி ஆயிற்று என்றால், பாறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது?” என்று கேட்டார். 170 மீட்டர் என்று கணக்கிட்டுச் சொன்னோம். கோலும் கயிறும் இன்றி, நின்ற இடத்தில் நின்றபடியே தொலைவை அளந்துவிட்டோம் என்பது எங்களுக்குப் பெருவியப்பாக இருந்தது.

மறுநாள் அந்த விளையாட்டைச் சற்று மாற்றினோம். பாறைக்குப் பதிலாக என் தோழன் ஒருவனை வயல்வெளியின் மறுகோடியில் நிறுத்தினோம். நான் கூவ வேண்டும். என் குரல் கேட்டவுடன் அவன் கூவ வேண்டும். அன்று அளந்த தொலைவு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்தது. காரணம் யாது என்று ஆராய்ந்தபோது, தோழன் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவன் விடை கூறுவதற்குள் வயல்வெளியின் நீளம் இரு மடங்காகிவிட்டது! பாறை தாமதம் செய்வதில்லை, மனிதன் செய்கிறான். இச்சிறு செய்தியை நான் நெடுங்காலம் மறந்திருந்தேன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த நாடொன்றில், விரல் நகத்தளவே உள்ள ஒரு சில்லு அதை எனக்கு நினைவூட்டிற்று.

சில்லைப் பற்றிச் சொல்லுமுன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல விரும்பாத செய்திதான். ஆயினும், அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நேர்மை ஆகாது.

நான் வடசென்னையில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளனாகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை நான்கு ஆள் உயரமுள்ள இரும்புத் தட்டுகளில் வரிசை வரிசையாக அடுக்கி வைப்போம். வரிசைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் தூக்கு வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சுமையாட்களுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைப்போம். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர்; என்னைத் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை ஏட்டைப் பாராமலே சொல்லக்கூடியவர். அவர் சொன்னால் ஏடு தவறு என்று திருத்திக்கொள்வோமே அன்றி, அவரைத் திருத்த மாட்டோம்.

1998ஆம் ஆண்டு, மழைக்காலத்தில் ஒரு மாலை நேரம். மின்சாரம் நின்று நின்று வந்துகொண்டிருந்தது. ஏழாம் சந்தில் அடுக்கிய பெட்டிகளின் எண்ணிக்கையில் எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. சென்று எண்ணிவரும்படி மேஸ்திரியை அனுப்பினேன். அதற்குள் தொலைபேசி மணி அடித்தது, பேசச் சென்றேன். திரும்பி வந்தபோது, தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருவர் வாயிலைக் கடந்து மழையில் நடந்து செல்வதைக் கண்டேன். மேஸ்திரி தேநீர் அருந்தப் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வமயம் தூக்கு வண்டி ஓட்டுநர், “சார், மேஸ்திரி எங்கே? நான் ஏழாம் சந்துக்குள் போகலாமா?” என்று கேட்டார். “அவர் வெளியே போய்விட்டார்; நீங்கள் போங்கள்” என்றேன்.

மேஸ்திரி வெளியே போகவில்லை. சந்தின் நடுவே, கீழ்த்தட்டின் அருகே குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். தகரக் கூரையின் மேல் மழை கொட்டிய பேரொலியில், பின்புறமாக வந்த வண்டியின் ஓசை அவர் செவியில் விழவில்லை. அன்றிரவே அவருடைய வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

பின்னர் நடந்த விசாரணையில் மழையும் இருளுமே காரணம் என்று எழுதினார்கள். ஓட்டுநர் மேல் குற்றம் இல்லை. என் மேலும் இல்லை. மேஸ்திரியும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால், “அவர் வெளியே போய்விட்டார்” என்று சொன்னது என் வாய் அன்றோ? அதை எந்த விசாரணையாலும் மாற்ற முடியவில்லை.

2016ஆம் ஆண்டு கோடையில் அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினுக்குச் சென்றேன். என் மகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு, மகள் வகுப்பிற்குச் சென்ற பின் நகரைச் சுற்றுவதே வேலை. கோடை என்று பெயரே தவிர, நாளுக்கு நான்கு முறை தூறல் விழும். நகரின் பழைய பகுதியில் புனித பாட்ரிக் தேவாலயம் ஓங்கி நிற்கிறது. கல்லிவரின் பயணங்களை எழுதிய ஜோனதன் ஸ்விப்ட் அக்கோயிலின் தலைமைக் குருவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அவருடைய உடலும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. விரலளவு மனிதர்களின் நாட்டைக் கற்பனை செய்தவர் வாழ்ந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அருகில் உள்ள பீட்டர் தெரு வழியாக நடந்தோம். அவள் ஒரு கட்டடத்தைச் சுட்டிக் காட்டி, “அப்பா, நான் என் ஆய்வுக்குப் பயன்படுத்தும் சில்லை உருவாக்கியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்” என்றாள். பெரிய ஆலையை எதிர்பார்த்த நான் ஏமாற்றமடைந்தேன். புகைபோக்கி இல்லை, சங்கு ஒலி இல்லை, அலுவலகம் போன்ற ஒரு கட்டடம், அவ்வளவே. அவர்கள் சில்லை வரைந்து கொடுப்பவர்கள். வார்த்து எடுப்பது வேறு ஆலைகளின் வேலை என்று மகள் விளக்கினாள்.

அந்நிறுவனத்தின் பெயர் டெக்காவேவ். சியரன் கானல், மைக்கேல் மெக்லாக்லின் என்னும் இருவர் 2007ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். அவர்கள் கையில் எடுத்த கலை புதியதன்று. சொல்லப்போனால், பிறர் கைவிட்ட கலை. அல்ட்ரா வைட்பேண்ட் என்று அதற்குப் பெயர். மிக அகன்ற அலைவரிசைப் பட்டையில், மிகக் குறுகிய துடிப்புகளாக வானொலி அலைகளை அனுப்புவது அதன் முறை. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசின் செய்தித்தொடர்பு ஆணையம் இம்முறையைப் பொதுமக்கள் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. உடனே பெரிய நிறுவனங்கள் பல போட்டியில் இறங்கின. கம்பியின்றிப் பெருவேகத்தில் படங்களையும் பாடல்களையும் அனுப்புவதே அவற்றின் நோக்கம். எவர் முறையைப் பொது விதியாகக் கொள்வது என்பதில் இரு கட்சிகள் பிரிந்து வாதிட்டன. வாதம் முடிவுறவே இல்லை. 2006ஆம் ஆண்டு சனவரியில் விதி வகுக்கும் குழுவே கலைந்துவிட்டது. அலைகளின் அகலத்தை நம்பி முதலிட்டவர்கள் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றனர்.

அதே கலைக்கு வேறொரு பயன் இருந்தது. வேகமாகச் செய்தி அனுப்ப அன்று, தொலைவை அளக்க. அதற்கென ஒரு தனி விதியை ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 2007ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அவ்விதியின்படி இயங்கும் சில்லைச் செய்யவே டப்ளினில் இவ்விருவரும் அமர்ந்தனர். அடுத்த ஆண்டே உலகெங்கும் பொருளாதார நெருக்கடி. அயர்லாந்து அதில் மிகவும் அடிபட்ட நாடுகளுள் ஒன்று. 2010ஆம் ஆண்டில் அந்நாடு பிற நாடுகளிடமும் பன்னாட்டு நிதியத்திடமும் பெருங்கடன் பெற நேர்ந்தது. அத்தகைய ஆண்டுகளில், விற்பதற்கு ஒரு பொருளும் இல்லாத ஒரு சிறு நிறுவனம் உயிர் பிழைத்ததை நினைத்துப் பாருங்கள். டி.டபிள்யூ. 1000 என்னும் அவர்களுடைய சில்லு 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. விதைத்தவர் ஆறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

அன்று மாலை மகள் அச்சில்லை எனக்குக் காட்டினாள். பச்சைப் பலகை ஒன்றின் மேல், பக்கத்திற்கு 6 மில்லிமீட்டர் உள்ள ஒரு கருஞ்சதுரம். “இது இன்னொரு சில்லோடு பேசி, இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை 10 சென்டிமீட்டர் அளவு துல்லியமாகச் சொல்லும்” என்றாள். எப்படி என்று கேட்டேன். “ஒன்று ‘கூ’ என்று கூவும், மற்றொன்று ‘கூ’ என்று விடை கூறும்” என்றாள். மொட்டைப் பாறை என் கண்முன் வந்து நின்றது.

ஆனால், ஒலிக்கும் வானொலி அலைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அலை ஒளியின் வேகத்தில் செல்வது. ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர். ஒரு வினாடியை நூறு கோடி பங்காக்கினால் ஒரு பங்கிற்கு நானோ வினாடி என்று பெயர். அந்த ஒரு பங்கில் ஒளி 30 சென்டிமீட்டர் சென்றுவிடும். பள்ளிச் சிறுவரின் அடிக்கோல் நீளம். ஆகவே, 10 சென்டிமீட்டர் துல்லியம் வேண்டுமானால், நானோ வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. இச்சில்லின் கடிகாரமோ ஒரு நானோ வினாடியை ஏறத்தாழ 64 கூறாகப் பகுத்து எண்ணுகிறது. எங்கள் ஆசிரியர் கைக்கடிகாரத்தை நினைத்து நான் சிரித்துக்கொண்டேன்.

கரும்பு தின்ற தோழனின் இடர்ப்பாடு இங்கும் உண்டு. முதற்சில்லின் குரலைக் கேட்டு, அதன் பொருளை உணர்ந்து, விடை அனுப்ப இரண்டாம் சில்லுக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் அலை பயணம் செய்யும் நேரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு நீண்டது. அதனால் குற்றமில்லை. “நான் இவ்வளவு நேரம் தாமதித்தேன்” என்று விடையிலேயே சொல்லிவிட்டால் கழித்துக்கொள்ளலாம். தோழனும், “கரும்பு தின்ன இரண்டு வினாடி ஆயிற்று” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்களும் கழித்திருப்போம். இடர் என்னவெனில், இரண்டு சில்லுகளின் கடிகாரங்களும் ஒன்றுபோல் ஓடுவதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு இருந்தாலே போதும். வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதத்தில் 20 நானோ வினாடி பிசகிவிடும். தொலைவுக் கணக்கில் அது 3 மீட்டர் பிழையாகும்.

கடிகாரங்களை ஒன்றாக்க முயலாமல், அவை பொய் சொல்லும் என்பதை ஒப்புக்கொண்டே வழி கண்டிருக்கிறார்கள். முதற்சில்லு கூவுகிறது, இரண்டாவது விடை தருகிறது, அவ்விடைக்கு முதற்சில்லு மீண்டும் ஒரு விடை தருகிறது. இப்போது இருவரும் கேட்டிருக்கிறார்கள்; இருவரும் தாமதித்திருக்கிறார்கள். இருவர் கணக்கையும் முறையாக இணைத்தால், ஒரு கடிகாரத்தின் பொய் மற்றதன் பொய்யால் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இரு சாட்சிகளும் சற்றே தவறுபவர்களாக இருந்தும், நீதிபதி உண்மையைக் கண்டுகொள்வது போன்றது இது. இந்த இடத்தில் நான் மகளை மும்முறை விளக்கச் சொன்னேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வேறோர் ஐயமும் இருந்தது. “வானத்துத் துணைக்கோள்களைக் கொண்டு இடம் காட்டும் கருவி எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறதே, இது எதற்கு?” என்றேன். துணைக்கோள் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் மெல்லிய குரல் கூரைக்குள் நுழைவதில்லை. கட்டடத்துக்குள் வேறு அலைகளைப் பயன்படுத்தினால், அவை சுவரிலும் இரும்பிலும் மோதிப் பல எதிரொலிகளாகி ஒன்றோடொன்று கலந்துவிடும். இத்துடிப்புகளோ இரண்டு நானோ வினாடி அளவே நீள்பவை. ஆதலின், நேரே வந்த துடிப்பு வேறாகவும், தட்டில் மோதி வளைந்து வந்த துடிப்பு வேறாகவும் பிரிந்து கேட்கும். முதலில் வந்தது எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். “இரும்புத் தட்டுகள் நிறைந்த கிடங்கிலும் வேலை செய்யுமா?” என்று கேட்டேன். “அதற்காகவே செய்தார்கள், அப்பா” என்றாள். நான் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அவளுக்கும் காரணம் தெரியும்.

மேசையின் இரு புறமும் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு பலகைகளை வைத்து, அளவு நாடா பிடித்துச் சரி பார்த்தோம். கணிப்பொறித் திரையில் 4.03, 3.97, 4.06 என்று எண்கள் ஓடின. நான் எழுந்து இரண்டுக்கும் நடுவே நின்றேன். எண் சட்டென்று கூடியது. மனித உடலில் பெரும்பகுதி நீராதலின், நேர்வழி மறைந்து அலை சுற்றி வருகிறது என்றாள் மகள். கருவியின் குறையை ஒளிக்காமல் காட்டியது எனக்கு அதன்மேல் இருந்த நம்பிக்கையை வளர்த்ததே அன்றிக் குறைக்கவில்லை.

அதே கோடையில் நாட்டின் மேற்குக் கரையில் உள்ள கிளிப்டன் என்னும் ஊருக்குச் சென்றோம். அதன் அருகே, கண்ணுக்கெட்டிய தூரம் கருஞ்சேற்று நிலம். அதன் நடுவே மார்க்கோனியின் வானொலி நிலையம் இருந்தது. மார்க்கோனி இத்தாலியர் என்று படித்திருக்கிறோம். அவருடைய தாயார் அயர்லாந்துப் பெண்மணி. 1907ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கிருந்துதான் அட்லாண்டிக் கடலைக் கடந்து கனடாவுக்குக் கம்பியில்லாத் தந்தி வாணிக முறையில் செல்லத் தொடங்கியது. சேற்று நிலத்தை வெட்டி எடுத்து உலர்த்திய கரியை எரித்து நீராவியாக்கி, அதனால் மின்சாரம் உண்டாக்கி, பெரும் தீப்பொறிகளை எழுப்பி அலைகளை அனுப்பினர். 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் நிலையம் தாக்கப்பட்டது, பின்னர் மூடப்பட்டது. இன்று அடித்தளக் கற்களும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளுமே எஞ்சியுள்ளன. அவற்றிடையே ஆடுகள் மேய்கின்றன.

தீப்பொறியும் ஒரு வகையில் அகலப்பட்டை அலைதான். எல்லா அலைவரிசைகளிலும் புகுந்து பிறர் பேச்சைக் கெடுத்ததால் அம்முறை பிற்காலத்தில் விலக்கப்பட்டது. நூறு ஆண்டு கழித்து அதே நாட்டில் அகன்ற அலை மீண்டும் வந்திருக்கிறது. இம்முறை பிறரைக் கெடுக்காமல், முணுமுணுக்கும் குரலில். சட்டம் இதற்கு அனுமதிக்கும் சராசரி ஆற்றல், ஒரு மெகாஹெர்ட்சுக்கு 75 நானோவாட். சில்லு பயன்படுத்தும் 500 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதையும் கூட்டினாலும், ஒரு வாட்டில் லட்சத்தில் நான்கு பங்கு தேறாது. அங்கே கரி மலையை எரித்தனர். இங்கே சட்டைப்பையில் அடங்கும் மின்கலம் போதும்.

ஆயினும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் கலை மெல்லப் பேசுவதில் இல்லை என்று மகள் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. இச்சில்லுக்குப் பேசுவது எளிது, கேட்பதே பெருஞ்செலவு. இரைச்சலில் புதைந்து கிடக்கும் மெல்லிய துடிப்பைத் தேடி எடுக்க ஓயாமல் கணக்கிட வேண்டும். அது கண்விழித்துக் கேட்கும்போது ஆகும் மின்சாரம், உறங்கும்போது ஆவதைப் போல் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. ஆதலால், கிடங்கில் ஓர் ஏற்பாடு செய்கிறார்கள். சுவர்களில் பொருத்திய கருவிகள் மின்கம்பியோடு இணைந்து எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றை நங்கூரம் என்கிறார்கள். மனிதர் அணியும் வில்லை, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் பேசிவிட்டு உறங்கிவிடும். மூன்று நான்கு நங்கூரங்கள் கேட்ட நேரங்களை ஒப்பிட்டால், வில்லை எந்தச் சந்தில், எந்தத் தட்டருகே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தூக்கு வண்டியிலும் ஒன்றை வைத்தால், ஆள் அருகில் வரும்போது வண்டி எச்சரிக்கும்.

வில்லை என்ற சொல்லை நான் எண்ணியே எழுதினேன். அரசு அலுவலகச் சேவகர்கள் குறுக்கே பட்டை அணிந்து, மார்பில் பித்தளை வில்லை தரித்திருந்த காலத்தை நான் கண்டிருக்கிறேன். அது அவர்களைக் காப்பதற்காக அணிவித்தது அன்று. இன்னாருடைய ஆள் என்று காட்டுவதற்காக. இப்புதிய வில்லை எதற்காக? தொழிலாளி சந்துக்குள் இருக்கிறான் என்று வண்டிக்குச் சொல்லும் அதே வில்லை, அவன் தேநீர்க் கடையில் எத்தனை நிமிடம் நின்றான், யாரோடு பேசினான் என்பதையும் முதலாளிக்குச் சொல்லும். 10 சென்டிமீட்டர் துல்லியமாகச் சொல்லும். வண்டியை நிறுத்துவதற்கு அந்த நொடியின் தொலைவு போதும்; ஆளின் பெயரும் வேண்டாம், நேற்றைய நடையின் பதிவும் வேண்டாம். ஆனால், பதிவு எளிதாகக் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்லும் முதலாளிகள் எத்தனை பேர்? நானும் முதலாளிக்காக வேலை செய்தவன்தான். கிடைத்திருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

இன்று இக்கலை கிடங்கோடு நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியில் இத்தகைய சில்லை, தானே வடிவமைத்து வைத்தது. காரின் சாவியிலும் இது புகுந்திருக்கிறது. வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அலையைத் திருடர் வாங்கிக் காருக்கு எட்டவைத்துக் கதவைத் திறந்த காலம் உண்டு. இம்முறையில் அலை வந்த நேரம் அளக்கப்படுவதால், சாவி தொலைவில் இருப்பது வெளிப்பட்டுவிடுகிறது. டெக்காவேவை 2020ஆம் ஆண்டில் குவார்வோ என்னும் அமெரிக்க நிறுவனம் விலைக்கு வாங்கிக்கொண்டது. சிறு நிறுவனங்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது.

2017ஆம் ஆண்டு பொங்கலுக்கு மகள் ஊருக்கு வந்தாள். அவள் பெட்டியில் அந்தப் பச்சைப் பலகைகள் இரண்டும் இருந்தன. நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுத்து வந்திருந்தாள். இருவரும் மேஸ்திரி வீட்டிற்குச் சென்றோம். செயற்கைக் காலை ஊன்றி எழுந்து வந்து எங்களை வரவேற்றார். முடி முழுவதும் நரைத்துவிட்டது. குரல் மட்டும் கிடங்கை அதிரச்செய்த அதே குரல்.

மகள் கருவியை விளக்கினாள். அவர் குறுக்கே ஒன்றும் பேசாமல் கேட்டார். பின்பு பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அன்றைக்கு இருந்திருந்தால் என் கால் இருந்திருக்கும், இல்லையா, அம்மா?”

“இருந்திருக்கலாம், பெரியப்பா” என்றாள் மகள்.

“கால் இருந்திருக்கும். ஆனால் நான் எத்தனை முறை பீடி பிடிக்கப் போனேன் என்பதும் தம்பிக்குத் தெரிந்திருக்கும்” என்று சொல்லி உரக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அணிந்திருப்பேன், அம்மா. வண்டியோடு மட்டும் பேசுவதாக இருந்தால் அணிந்திருப்பேன். அலுவலகத்தோடு பேசுவதாக இருந்தால், சந்துக்குள் போகும்போது மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் ஆணியில் தொங்கவிட்டிருப்பேன்” என்றார்.

நான் அதுவரை சொல்லாததைச் சொல்ல வாயெடுத்தேன். “மேஸ்திரி, அன்று நான்தான் ஓட்டுநரிடம்…” என்று தொடங்கினேன்.

“தெரியும், தம்பி. அவனே அன்றிரவு மருத்துவமனைக்கு வந்து சொல்லி அழுதான்” என்றார். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது! எனக்கு மேலே பேச நா எழவில்லை. அவரும் என்னைப் பேச விடவில்லை. “இதை நான் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும்” என்று சொல்லி ஒரு பலகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து பின்கட்டுக்குச் சென்றார்.

கணிப்பொறியின் எதிரே நான் அமர்ந்திருந்தேன். எண்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறின. அவர் முதுகு எங்களை நோக்கியிருந்ததால் சற்றுத் தடுமாறின. பிறகு ஓரிடத்தில் நிலைத்தன.

“தம்பி, இப்போது நான் எங்கே?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“ஆறு மீட்டர் பதினோரு சென்டிமீட்டர்” என்றேன்.

“சரியாகத் தெரியுமா?”

நான் எழுந்து உள்ளே சென்றேன். கிணற்றடியில், துவைக்கும் கல்லின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பார்த்துவிட்டு வந்து, “கிணற்றடியில் இருக்கிறார்” என்று மகளிடம் சொன்னேன்.